செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: தாமதமாக ஸ்டார்ட் ஆகும் வண்டியில் பழுது தேடும் முறை

அதிகாலை 3 மணிக்குச் சந்தைக்குப் போய்க் காய்கறி ஏற்றும் ஒரு சின்ன டீசல் வேன். சாவியை இரண்டு மூன்று முறை திருப்பினால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்று அதன் ஓட்டுநர் ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். பேட்டரி போய்விட்டது என்று புதிது மாட்டிக் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் அதே தொல்லை, மறுபடியும் புதுப் பேட்டரி. மூன்றாம் முறையாக அந்தத் தொல்லை வந்தபோது அவர் என்னிடம் வந்தார். பழுது இருந்தது பேட்டரியில் இல்லை. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியாக இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் பட்டை எர்த் வயரின் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருந்தது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டினேன். அரை மணி நேர வேலை. அந்த இரண்டு பேட்டரிகளுக்கும் அவர் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை.

ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையில் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். ஸ்டார்ட் ஆகத் தாமதம் என்றதும் பொருளை மாற்றிவிடுகிறார்கள், அளந்து பார்ப்பதில்லை. இங்கே சொல்லியிருப்பவற்றில் பெரும்பாலானவற்றை, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டரும் உதவிக்கு ஒருவரும் இருந்தால், வண்டி வைத்திருப்பவரே செய்து பார்க்கலாம். 12 வோல்ட் பேட்டரி உள்ள பெட்ரோல், டீசல் கார்களுக்கும் சிறு வேன்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் காதால் கேளுங்கள்

தாமதம் என்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, செல்ஃப் மோட்டாரே இன்ஜினை மந்தமாகச் சுற்றுவது. 'ர்ர்... ர்ர்... ர்ர்' என்று ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாகக் கேட்கும். இன்னொன்று, செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றியும் இன்ஜின் பிடிக்காமல் ஐந்து, ஆறு விநாடி இழுப்பது. முதல் வகை பெரும்பாலும் மின்சாரப் பாதையின் குறை. இரண்டாம் வகையில் எரிபொருள், தீப்பொறி, காற்று, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன்) ஆகியவற்றில் ஒன்று குறைகிறது. இந்த இரண்டையும் பிரிக்காமல் தேடத் தொடங்கினால் நாள் முழுவதும் தவறான இடத்திலேயே தேடிக்கொண்டிருப்போம்.

சந்தேகமாக இருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். சத்தமும் மீட்டர் போர்டும் சேர்ந்து பதிவாகட்டும். நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார், ஒன்று அல்லது ஒன்றரை விநாடிக்குள் பிடித்துவிடும். பதிவில் எத்தனை விநாடி ஆகிறது, இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் அசைகிறதா, எந்த விளக்குகள் எரிகின்றன என்பதையெல்லாம் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். பட்டறைக்குக் கொண்டுபோகும் நேரத்தில் இன்ஜின் சூடாகி, வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். அப்போது மெக்கானிக்குக்குக் காட்ட உங்களிடம் இருக்கும் சாட்சி அந்தப் பதிவுதான்.

சோதிக்கும்போது கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கைபிரேக் போட்டிருக்கட்டும், ஃபேன் பெல்ட் பக்கம் துணியோ கையோ போக வேண்டாம். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள். அரை நிமிடமாவது ஆறவிட்டு அடுத்த முறை முயலுங்கள். விடாமல் அடித்தால் செல்ஃப் மோட்டாரின் சுருள் சூடாகி, இல்லாத பழுது ஒன்று புதிதாக வந்து சேரும்.

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால்

இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் எதையும் போடுவதற்கு முன் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட்டோ சற்று அதிகமோ இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி. 12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் காட்டுகிறதே, நல்லதுதானே என்று பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 12.0 என்பது முக்கால் பங்கு தீர்ந்துவிட்ட பேட்டரி.

அடுத்து, மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு உதவியாளரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சுற்றும் நேரத்தில் வோல்ட் இறங்கும், அது இயல்பு. 10க்கு மேல் நின்றால் பேட்டரி தெம்பாக இருக்கிறது. 9.6க்குக் கீழே விழுந்தால், பேட்டரி தளர்ந்திருக்க வேண்டும் அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்க வேண்டும். எது என்று தெரிய, நல்ல நிலையில் உள்ள இன்னொரு பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் போடுங்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் குறை உங்கள் பேட்டரியில். அப்போதும் மந்தமாகவே சுற்றி, கேபிளும் சூடேறினால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

மூடி திறக்கக்கூடிய பேட்டரி என்றால் ஆறு அறைகளிலும் நீர்மட்டம் பாருங்கள். தகடு தெரியும் அளவுக்குக் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் தகட்டைக் கெடுக்கும். முழுச் சார்ஜில், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.24 முதல் 1.28 வரை காட்டும். எண்ணைவிட, ஆறு அறைகளும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் முக்கியம். ஐந்து அறைகள் 1.25 காட்டி ஒன்று மட்டும் 1.18 என்றால் அந்த அறை செத்துவிட்டது. எத்தனை முறை சார்ஜ் போட்டாலும் அந்தப் பேட்டரி தேறாது.

பேட்டரி நன்றாக இருந்தும், அதாவது சுற்றும்போது 10 வோல்ட்டுக்கு மேல் நின்றும், செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறதா? இங்கேதான் அந்த வேனில் முதலில் பார்த்தவர்கள் தவறினார்கள். பேட்டரியில் இருக்கும் மின்சாரம் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு டீசல் இன்ஜினைச் சுற்ற 250 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாதையில் எங்காவது 0.007 ஓம் தடை இருந்தாலே 1.75 வோல்ட் அங்கேயே வெப்பமாகக் கரைந்துவிடும். அவ்வளவு சிறிய தடையை மல்டிமீட்டரின் ஓம் பகுதியால் பார்க்க முடியாது. வயரைக் கழற்றித் தொடர்ச்சி சோதித்தால் 'பீப்' என்று நல்லதாகவே காட்டும். அதனால் மின்சாரம் ஓடும் நேரத்தில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பதைத்தான் அளக்க வேண்டும்.

மீட்டரை டிசி 20 வோல்ட் பகுதியில் வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தூண் மீதே வையுங்கள், கிளாம்ப் மீது வேண்டாம். சிவப்பு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் அழுத்தி, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் குறை. பாசிட்டிவ் பக்கத்தையும் இதே போல, பேட்டரியின் பாசிட்டிவ் தூணுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் இடையே அளக்கலாம். அங்கே 0.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்த வேனில் எர்த் பக்கம் 1.8 வோல்ட் காட்டியது.

மீட்டர் கையில் இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் கவ்வவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். சட்டென்று வேகமாகச் சுற்றினால் எர்த் வயர்தான் குற்றவாளி.

இந்த எர்த் குறை பேட்டரியையும் மெல்லத் தின்றுவிடும் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆல்டர்னேட்டர் இன்ஜினில்தான் மாட்டப்பட்டிருக்கிறது. அது பேட்டரிக்கு அனுப்பும் சார்ஜும் அதே துருப்பிடித்த எர்த் வழியாகத்தான் திரும்ப வேண்டும். ஆகவே பேட்டரி ஒருநாளும் நிறைவதில்லை. அரைச் சார்ஜிலேயே கிடந்து தகடு இறுகிப்போகிறது. புதுப் பேட்டரியின் தெம்பு சில மாதம் குறையை மறைக்கும், பிறகு பழைய கதைதான். அந்த ஓட்டுநருக்கு நடந்தது அதுவே. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டு ஓடும் வண்டிகளில் இதை முதல் சந்தேகமாகவே வைத்துக்கொள்ளலாம்.

டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றிப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். மூடி உள்ள பேட்டரி என்றால் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். துடைத்து இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினால் போதும்.

பேட்டரி, வயர் இரண்டும் சரி என்றால் செல்ஃப் மோட்டார். காலையில் நன்றாகச் சுற்றி, நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சூட்டில் மட்டும் திணறினால் அதன் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து, உள்ளே சுழலும் ஆர்மேச்சர் உரசுகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். முழு மோட்டாரையும் மாற்றச் சொன்னால் அவசரப்பட வேண்டாம். கார்பன் பிரஷும் புஷ்ஷும் மட்டும் மாற்றிக் கொடுக்கும் பழைய கைகள் இன்னும் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன.

கடைசியாக, இன்ஜினே இறுக்கமாக இருக்கலாம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் உதகையில் 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான ஆயில் ஊற்றிய வண்டி காலையில் முனகத்தான் செய்யும். குளிரில் ஆயில் கெட்டிப்படுகிறது, பேட்டரியின் திறனும் குறைகிறது; இரண்டும் ஒரே நேரத்தில். கையேடு அனுமதித்தால் 5டபிள்யூ-30 போன்ற இளகிய ஆயிலுக்கு மாறலாம். சமவெளியில் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது வெயில். சித்திரை, வைகாசியில் தளர்ந்துபோன பேட்டரி, மார்கழிக் காலையில்தான் தன் நிலையைக் காட்டிக்கொடுக்கும்.

'டக்' சத்தம் மட்டும் கேட்டால்

'டக்டக்டக்' என்று வேகமாகத் தட்டினால் பேட்டரியில் தெம்பில்லை அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. ஒரே ஒரு கனத்த 'டக்' கேட்டு, உள்விளக்கு மங்காமல் எரிந்தால், செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சோலினாய்டின் உள்ளே இருக்கும் செம்புத் தொடுமுனை தேய்ந்திருக்கும். சுத்தியலின் மரப்பிடியால் மோட்டாரை லேசாகத் தட்டினால் ஒருமுறை ஸ்டார்ட் ஆகக்கூடும். அது பட்டறை வரை போய்ச் சேர மட்டும்.

இரண்டு நாள் நிறுத்தினால் மட்டும் தொல்லை

தினமும் ஓட்டினால் ஒழுங்காக இருக்கிறது, வெளியூர் போய்விட்டு வந்தால் எழுந்திருக்க மறுக்கிறது என்றால் ஏதோ ஒன்று திருட்டுத்தனமாக மின்சாரம் குடிக்கிறது.

அதற்கு முன் சார்ஜிங்கைப் பார்த்துவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் பொதுவாக 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட்டும் ஏசியும் போட்ட பிறகும் 13.5க்குக் கீழே போகக் கூடாது. சில புதிய கார்கள் எரிபொருள் மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைத் தாமே குறைத்துக்கொள்ளும். அத்தகைய வண்டியில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அளப்பது நல்லது.

சார்ஜிங் சரி என்றால் கசிவு. எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி அதற்கும் தூணுக்கும் நடுவில் மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் பகுதியை இணைக்க வேண்டும். இந்த நிலையில் தப்பித் தவறியும் செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டர் கருகிவிடும். தொடக்கத்தில் எண் பெரிதாகவே இருக்கும். வண்டியின் கணினிகள் உறங்கப் போக இருபது, முப்பது நிமிடம்கூட ஆகலாம், பொறுத்திருங்கள். பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் கவலையில்லை. 300 மில்லி ஆம்பியர் காட்டினால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டரை நாளில் பாதி தீர்ந்துவிடும்.

நான் பார்த்தவரை, பின்னால் பொருத்திய ஜிபிஎஸ் கருவி, டேஷ் கேமரா, பாட்டு ஆம்ப்ளிஃபயர் ஆகியவைதான் முதலில் மாட்டிக்கொள்ளும். டிக்கியின் உள்விளக்கு மூடிய பிறகும் எரிந்துகொண்டே இருப்பதும் உண்டு. செல்போனை வீடியோ பதிவில் வைத்து உள்ளே விட்டு மூடினால் தெரிந்துவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போது எதைப் பிடுங்கினால் எண் சரிகிறதோ அந்தச் சுற்றில்தான் கசிவு.

வேகமாகச் சுற்றியும் காலையில் பெட்ரோல் இன்ஜின் பிடிக்கத் தாமதித்தால்

இதற்கு ஒரு செலவில்லாத சோதனை இருக்கிறது, எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. சாவியை ஸ்டார்ட் வரை திருப்பாமல் 'ஆன்' நிலையில் மட்டும் வையுங்கள். பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். அணையுங்கள். இப்படி மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வழக்கமாக ஐந்து விநாடி இழுக்கும் வண்டி உடனே பிடித்துவிட்டால், இரவில் குழாயில் இருந்த பெட்ரோல் அழுத்தம் வடிந்துவிட்டது என்று பொருள். பம்ப்பின் உள்ளே இருக்கும் ஒருவழி வால்வு அழுத்தத்தைத் தாங்கவில்லை, அல்லது பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் ஏதோ ஒன்று சொட்டுகிறது. சாவியை ஆன் செய்தும் பம்ப் சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் தேடுங்கள். கதவைத் திறந்ததுமே பம்ப்பை ஓட்டிவிடும் வண்டிகளும் உண்டு, அவற்றில் கதவருகே நின்று கேளுங்கள்.

பம்ப்பா, இன்ஜெக்டரா? இன்ஜெக்டர் சொட்டினால் அந்தப் பெட்ரோல் சிலிண்டருக்குள்தான் போகிறது. ஸ்டார்ட் ஆகும் நொடியில் கறும்புகை, பெட்ரோல் வாடை, சில விநாடி தடுமாற்றம் ஆகியவை இருக்கும். பம்ப்பின் வால்வு என்றால் பெட்ரோல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது, புகையும் வாடையும் இருக்காது. உறுதி செய்யப் பட்டறையில் பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். சாதாரண இன்ஜெக்‌ஷன் கார்களில் அழுத்தம் 3 முதல் 4 பார் வரை இருக்கும். அணைத்த பிறகு அது எவ்வளவு வேகமாக விழுகிறது என்பதே நமக்கு வேண்டிய தகவல். பெட்ரோல் குழாயை வீட்டு வாசலில் வைத்து நீங்களே கழற்ற வேண்டாம். அழுத்தத்தோடு பீறிடும் பெட்ரோலுக்கு ஒரு பொறி போதும்.

சாவி ஆன் சோதனையில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லையா? அடுத்த சந்தேகம், இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை அளக்கும் கூலன்ட் வெப்ப சென்சார். குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். எவ்வளவு என்று கணினிக்குச் சொல்வது இந்தச் சின்னப் பொருள்தான். அது பொய் சொன்னால் கணினியும் தப்பாகவே பெட்ரோல் ஊற்றும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டிச் செல்போனில் பார்க்கும் ஸ்கேனர் இப்போது மலிவாகவே கிடைக்கிறது. இரவு முழுவதும் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 27 டிகிரி, கூலன்ட் 65 டிகிரி என்று காட்டினால் சென்சார் கெட்டுவிட்டது. மைனஸ் 40 காட்டினால் வயர் அறுந்திருக்கிறது அல்லது இணைப்பு கழன்றிருக்கிறது. பழுது விளக்கு எரியாமலேயே 65 காட்டும் சென்சார்களை நான் பார்த்திருக்கிறேன். விளக்கு எரியவில்லை என்பதற்காக இந்த ஒப்பீட்டை விட்டுவிடாதீர்கள்.

ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகிறது என்றால் காற்று போதவில்லை. காற்று உள்ளே நுழையும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும், கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். ஸ்பார்க் பிளக்கை நான் இவற்றுக்குப் பிறகே வைப்பேன். பிளக் தேய்ந்திருந்தால் ஓட்டத்திலும் ஏற்றத்திலும் தடுமாற்றம் தெரியும், ஸ்டார்ட்டில் மட்டும் தொல்லை தருவது குறைவு. ஆனாலும் கழற்றும் வாய்ப்பு கிடைத்தால் இடைவெளியைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள், பெரும்பாலான கார்களில் அது 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும்.

மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் டேங்கில் இருக்கும் பெட்ரோலையே சந்தேகிக்கலாம். அதில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோயிருக்கும், கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுத்திருக்கும். புதுப் பெட்ரோல் ஊற்றிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

சூடாக இருக்கும்போது மட்டும் தகராறு

காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆன வண்டி, நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓடி, டீக்கடையில் கால் மணி நேரம் நின்ற பிறகு அடம்பிடிக்கிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல் ஓடுகிறது. இதில் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார். இன்ஜின் சுற்றுகிறது என்று கணினிக்குச் சொல்லும் சென்சார் இது. இன்ஜினை ஒட்டியே இருப்பதால் சூட்டில் உள்ளே சுருள் விரிந்து இணைப்பு விட்டுப்போகும், ஆறினால் மீண்டும் ஒட்டும். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளையோ ஸ்கேனரில் ஆர்பிஎம் எண்ணையோ பாருங்கள். இன்ஜின் சுற்றியும் அது பூஜ்யமாகவே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. 200 அருகில் காட்டினால் சென்சாரை விட்டுவிட்டு, சொட்டும் இன்ஜெக்டரைத் தேடுங்கள். சூட்டில் சொட்டிய பெட்ரோல் சிலிண்டரை நனைத்துவிட்டிருந்தால், ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பல கார்களில் கணினி பெட்ரோலை நிறுத்தி உள்ளே காற்றை மட்டும் அனுப்பும். சில விநாடியில் பிடித்துக்கொள்ளும்.

டீசல் வண்டியில் புகையைப் பாருங்கள்

டீசலில் எனக்கு முதல் சாட்சி சைலன்சர் வாய்தான். ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லிச் செல்ஃப் அடியுங்கள். புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டரை எட்டவில்லை. பச்சை டீசல் வாடையோடு வெண்புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. இந்த ஒரு பார்வை தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

புகை இல்லை என்றால் நான் முதலில் தேடுவது காற்று. டேங்கிலிருந்து ஃபில்டர் வரை உள்ள குழாயில் ஒரு நுண்ணிய வெடிப்போ, ஃபில்டர் மாற்றும்போது சரியாக உட்காராத ஒரு ரப்பர் வளையமோ போதும். டீசல் வெளியே ஒழுகாது. ஆனால் நிறுத்தியிருக்கும்போது காற்று உள்ளே புகுந்து, டீசல் டேங்குக்குப் பின்வாங்கிவிடும். காலையில், டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பிரைமரைக் கெட்டியாகும் வரை அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் குழாயில் காற்று புகுகிறது என்பது உறுதி. இன்னொரு சோதனை: டேங்க் பின்னால் உள்ள வண்டியை ஒரு நாள் இரவு முகம் மேடாக இருக்கும்படியும் மறுநாள் முகம் பள்ளமாக இருக்கும்படியும் நிறுத்திப் பாருங்கள். மேடாக நின்ற காலையில் மட்டும் தொல்லை அதிகம் என்றால் அதே முடிவுதான். எங்கிருந்து புகுகிறது என்பதற்கு, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் கண்ணாடி போன்ற தெளிந்த குழாயைத் தற்காலிகமாக மாட்டிக் குமிழ் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரையும் அப்படியே வடித்துவிடுங்கள்.

ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இன்னும் ஒரு படி உண்டு. ரெயிலில் ஏறத்தாழ 200 பார் அழுத்தம் ஏறிய பிறகே கணினி இன்ஜெக்டரைத் திறக்கும். சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும். ஸ்கேனரில் ரெயில் அழுத்தம் மெதுவாக ஏறி 100, 120 என்று திணறினால், தேய்ந்த இன்ஜெக்டர் ஒன்று டீசலைத் திரும்பும் குழாய் வழியே வழியவிடுகிறதா என்று சோதிக்க வேண்டும். நான்கு இன்ஜெக்டர்களின் திரும்பும் குழாய்களிலும் ஒரே மாதிரியான சிறு புட்டிகளை மாட்டி, எது சீக்கிரம் நிறைகிறது என்று பார்ப்பதே அந்தச் சோதனை. நான்கையும் மாற்றச் சொல்லும் இடத்தில் இதைச் செய்துவிட்டீர்களா என்று கேளுங்கள். பல நேரங்களில் ஒன்றுதான் கெட்டிருக்கும்.

பழைய பம்ப் வண்டிகளில் நாசில் நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிய பழக்கத்தில் காமன் ரெயிலின் உயர் அழுத்தக் குழாயை யாரும் தொட வேண்டாம். ஓட்டத்தில் 1,000 பாருக்கு மேல் போகும் அழுத்தம் அது. ஊசி போலத் தோலைத் துளைத்து டீசலை உடம்புக்குள் செலுத்திவிடும். காயம் வெளியே சிறு புள்ளியாகத் தெரியும், விரலையே இழக்க நேரிடும்.

வெண்புகை வந்தால், ஸ்டார்ட் ஆகும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கில் சந்தேகம். ஆனால் நான் இங்கே ஒரு பேதம் பார்ப்பேன். சென்னை போன்ற இடத்தில் காலை வெப்பமே 25 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, நேரடியாக டீசல் பீய்ச்சும் புதிய வகை இன்ஜின்கள் ஹீட்டர் பிளக் இல்லாமலும் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். அங்கே ஐந்து விநாடி தாமதத்துக்கு ஹீட்டர் பிளக்கைக் குறை சொல்வது பொருந்தாது. கொடைக்கானலிலும் உதகையிலும் அதுவே முதல் சந்தேகம். வயரைக் கழற்றிவிட்டு பிளக்குக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே ஓம் பாருங்கள். ஒன்றிரண்டு ஓமுக்குள் இருந்தால் உயிரோடு இருக்கிறது, முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. கழற்றிய பிளக்கைப் பேட்டரியில் வைத்துச் சோதிக்கும் பழைய வழக்கம் எல்லாவற்றுக்கும் ஆகாது. 12 வோல்ட்டை நேராகத் தாங்காத, குறைந்த வோல்ட் பிளக்குகள் இப்போது நிறைய வருகின்றன. ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. சிவந்திருக்கும் பிளக்கில் பட்டு நேரம் தப்பி வெடித்தால் பிஸ்டன் உடையும்.

மழைக்குப் பிறகு

சாதாரண மழைக்குப் பிறகு பெட்ரோல் வண்டி தடுமாறினால் பிளக் குழிகளிலும் இக்னிஷன் காயிலிலும் ஈரம் புகுந்திருக்கும், காற்றடித்துக் காயவைத்தால் போதும். வெள்ளத்தில் நின்ற வண்டி வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில், தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்பித்தான் பலரும் இன்ஜினை இழந்தார்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. பிஸ்டன் அதில் மோதிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். காற்று ஃபில்டர் நனைந்திருந்தால் செல்ஃப் ஒருமுறைகூட அடிக்காமல் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டு இழுவை வண்டியை அழையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தாமதித்தால்

மேலே உள்ள அனைத்தும் ஒழுங்காக இருந்தால் மிஞ்சுவது கம்ப்ரஷன். அம்பாசடரையும் பழைய லாரிகளையும் முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுற்றிய காலத்தில், எந்தச் சிலிண்டர் எதிர்த்துத் தள்ளவில்லை என்பது ஓட்டுநரின் கைக்கே தெரியும். இன்று செல்ஃப் சத்தத்தில் அதைக் கேட்கலாம். நான்கு துடிப்பும் ஒரே சீராக வராமல் நடுவில் ஒன்று மட்டும் நழுவி வேகமாக ஓடினால், அந்தச் சிலிண்டரில் அழுத்தம் இல்லை.

கேஜ் மாட்டி அளந்தால் பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 10 முதல் 13 பாரும், டீசலில் 20 முதல் 30 பாரும் இருக்கும். எண் சற்று முன்பின் இருந்தாலும் சிலிண்டர்களுக்குள் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. பெட்ரோல் இன்ஜினில் குறைந்த சிலிண்டரின் பிளக் துளை வழியே ஒரு சிறு கரண்டி இன்ஜின் ஆயில் ஊற்றி மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வில் கசிவு, அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. வால்வு என்றால் முதலில், அதை அழுத்தித் திறக்கும் டேப்பட்டின் இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இறுகிய டேப்பட்டால் முழுதாக மூடாமல் நிற்கும் வால்வு, சரிசெய்ததும் மூடிக்கொள்ளும். அதற்கும் மசியவில்லை என்றால்தான் ஹெட்டைக் கழற்ற வேண்டும்.